இல்லாத நூல்

பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்குப் பின்னால்
பத்துக் கட்டில் போட்ட குடிமறப்பு வார்டு.
இரவுப் பணி எனக்கு.
"ஜெபக்கனி சிஸ்டர், புது ஆள். பாரத்தை நிரப்பிருங்க" என்று
ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார் டாக்டர்.

கொம்பையா. முப்பத்தெட்டு. மூலைக்கரைப்பட்டி.
மேலப்பாளையம் சந்தையில் ஆட்டுத் தரகு.

நினைத்த அளவோடு நிறுத்த முடியாமல் போனதுண்டா?
"ஒரு கட்டிங்னுதான் போவேன் சிஸ்டர்.
கடைய அடைக்கும்போது என்னயும் சேத்துத்தான் வெளிய தள்ளுவான்."
உண்டு, என்று எழுதினேன்.
நேற்று ஒன்பது மணிக்கு ஒரே ஒரு வீடியோ,
நெத்திலிக் குழம்பு.
பிறகு யாரோ ஒருத்தியின் வளைகாப்பு, எங்கோ மண்சரிவு,
ஒரு பூனை, யாரோ ஒருவன் கதவுக்கு வண்ணம் அடிப்பது.
மணி இரண்டேகால்.
குழம்புக்கு எவ்வளவு புளி என்று இன்னும் தெரியாது.

எழுந்ததும் முதலில் அதைத் தேடுவதுண்டா?
"பாயைச் சுருட்டுததுக்கு முன்ன."
நான் கண்ணைத் திறப்பதற்கும் முன்னால்.
இதை எழுத அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை.

வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்ததுண்டா?
"தவிட்டு மூட்டைக்குள்ள."
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
தாமிரபரணி வாளி வாளியாக வழிந்தோட
குளிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் நான்.
கதவைத் தட்டினால்
தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வெளியே வருவேன்.

கிடைக்காதபோது கை நடுங்குமா?
நீட்டிக் காட்டினான். விரல்கள் தனித்தனியே ஆடின.
அந்நேரம் என் அங்கிப் பை அதிர்ந்தது.
எடுத்துப் பார்த்தேன். யாரும் அழைக்கவில்லை.

மறுநாள் இரவு நடந்ததை
எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.
அவன் கட்டிலோரம் நாற்காலியில் நான்தான் இருந்தேன்.
மஞ்சள் மருந்து சொட்டி முடிந்து பாட்டில் காலியாகி
குழாயில் அவன் ரத்தம் மேலே ஏறிக்கொண்டிருந்தது,
ஒரு சாண், ஒன்றரைச் சாண்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டைவிரலுக்கடியில்
ஓடிக்கொண்டிருந்த வெளிச்சம்.
நடுங்குகிற கையால் அவனே உருளையைத் தள்ளிக் குழாயை அடைத்தான்.
"சிஸ்டர்" என்றான். சத்தமாக இல்லை.
அந்த ஒரு சொல்லில் திட்டு இருந்திருந்தால்
நன்றாக இருந்திருக்கும்.

ஊசியை மாற்றிப் பிளாஸ்திரி ஒட்டும்போது கேட்டான்:
"எத்தன வருசமாச்சு உங்களுக்கு?"

எது, என்றேன்.

"சந்தைல நாங்க வாயால வெல பேச மாட்டோம்.
துண்டைப் போட்டு மூடிக்கிட்டு விரலப் பிடிச்சுத்தான்.
இருவது வருசமா மூடுன துணிக்குள்ள
விரலு என்ன சொல்லுதுன்னு பாத்தவன் நான்.
என்கிட்ட கேள்வி கேக்கையில
உங்க பைக்குள்ள ஒரு கை
வேற யார்கிட்டயோ பேசிட்டே இருந்திச்சு."

நாலு வருசம், என்றேன்.
சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்,
ஆறு.

அவன் தலையாட்டினான்.
கடை திறக்குமுன் வரிசையில் நிற்பவர்கள்
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது
இப்படித்தான் இருக்கும் போல.

மூன்றாம் இரவு அவனுக்கு மோசமானது.
எல்லாருக்கும் அப்படித்தான்.
போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்கினான்,
பிடுங்கிய நூலைக் காற்றில் சுருட்டினான்,
வார்டுக்குள் ஆடு வந்துவிட்டது, பதினாறு உருப்படி என்றான்.
போனை மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.
சாவி என்னிடம்தான். அதனால் அது பூட்டே இல்லை.

மணிக்கட்டைப் பிடித்தேன்.
அவன் என் கையைப் போர்வைக்குள் இழுத்து,
மூடி,
கட்டைவிரலைப் பற்றினான், தரகுக்குப் பற்றுவதுபோல.
அது அங்கேயும் அடங்கவில்லை.
இருட்டில், அவன் உள்ளங்கையில்,
கீழிருந்து மேலே, கீழிருந்து மேலே
எதையோ தள்ளிக்கொண்டே இருந்தது.

"படியாது" என்றான், கண்ணைத் திறக்காமல்.
"ரொம்பக் கேக்கான். இந்த வெலைக்குப் படியாது."

யாருடைய விலை என்று கேட்டிருக்கலாம்.
அலமாரிக்குள் ஏதோ அதிர்ந்தது.
அதிர்ந்ததா என்று
பார்க்காமல் எப்படிச் சொல்ல?